ஆணியில் தொங்கும் ஹேண்டில்பார்கள்

பைக்கில் கம்பெனி கொடுத்த உயரமான ஹேண்டில்பாரைக் கழற்றிவிட்டுத் தாழ்வான ஒன்றை மாட்டிக் கொடுப்பது எங்கள் கடையின் தொழில். மாட்டிக்கொண்டு போனவன் வீடு போய்ச் சேர்ந்தானா என்று கவலைப்படுவது என் தொழில்.

கடை பெரம்பலூரில், துறையூர் ரோட்டில் இருக்கிறது. என் வீட்டுக்காரர் மெக்கானிக். அவரோடு சேகர் என்று ஒருத்தர் வேலை செய்கிறார். எட்டாம் வகுப்போடு நின்றுவிட்ட நான் கல்லாவில் உட்கார்ந்து சாமான் எடுத்துக் கொடுக்கிறேன். முன்பெல்லாம் ஆயில் மாற்ற வருவார்கள், பிரேக் தேய்ந்துபோய் வருவார்கள். இப்போது வருகிறவர்களில் பாதிப்பேருக்கு ஹேண்டில் இறங்க வேண்டும். குனிந்து ஓட்டினால் ரேஸ் வண்டி மாதிரி இருக்குமாம். இந்த வேலையே வேண்டாம் என்று நான் சொல்லும்போதெல்லாம் என் வீட்டுக்காரர், "நாம மாட்டலேன்னா பாலக்கரையில போய் மாட்டிக்குவான்" என்று முடித்துவிடுவார்.

உங்கள் வீட்டிலும் பைக் ஓட்டுகிறவர் யாராவது இருந்து, சாயங்காலம் அந்த வண்டிச் சத்தம் காதில் விழும்வரை உங்களுக்கு உலையில் அரிசி போட மனசு வராது என்றால், நீங்களும் என் ஜாதிதான். சேர்ந்தே புலம்புவோம்.

நேராகப் போகிறவர்

ஹேண்டில் தாழ்ந்தால் பெட்ரோல் டேங்குக்குப் பக்கத்தில் வந்துவிடும். முழுசாக ஒடித்துத் திருப்பினால் ஹேண்டிலுக்கும் டேங்குக்கும் நடுவில் கட்டைவிரல் மாட்டிக்கொள்ளும். ஆக்சிலேட்டர் கேபிள் சரியான வழியில் போகவில்லை என்றால், ஒடிக்கும்போது அது இழுபட்டு, யாரும் முறுக்காமலே வண்டி உறுமும். இதெல்லாம் பார்த்துப் பார்த்து நானாகவே ஒரு சட்டம் போட்டேன். மாட்டி முடித்ததும் வண்டியை ஸ்டார்ட் செய்து, ஹேண்டிலை இந்தக் கடைசிக்கும் அந்தக் கடைசிக்கும் என் கண் முன்னால் ஒடித்துக் காட்ட வேண்டும். காட்டாமல் யாரும் வாசல் தாண்டக் கூடாது.

காலேஜில் படிக்கிற பையன் ஒருவன் ஒடித்துக் காட்டினான். விரல் டேங்கில் இடித்தது. "ஆ" என்று கையை உதறினான். "பாத்தியா தம்பி, வேணாம், பழசையே மாட்டிக்க" என்றேன். விரலை வாயில் வைத்துக்கொண்டே அவன் சொன்னது: "இவ்வளவு ஒடிச்சு யாரு ஓட்டப் போறாங்கக்கா? நான் நேராத்தானே போவேன்."

எலுமிச்சம்பழம்

குரும்பலூர்க்காரர் ஒருவர் புது வண்டி வாங்கிய கையோடு எங்களிடம் வந்து ஹேண்டிலை இறக்கிக்கொண்டார். ஒடித்துக் காட்டினார், எல்லாம் சரியாகத்தான் இருந்தது. நேராகச் செட்டிகுளத்துக்குப் போய் மலைக்கோயில் அடிவாரத்தில் பூஜை போட்டிருக்கிறார். சந்தனம், குங்குமம், மாலை எல்லாம் ஆகி, ஹேண்டில் நடுவில் கயிறு போட்டு நல்ல பெரிய எலுமிச்சம்பழமாக ஒன்றைக் கட்டிவிட்டிருக்கிறார்கள். கம்பெனி ஹேண்டிலாக இருந்தால் பழம் காற்றில் ஆடிக்கொண்டு சும்மா தொங்கியிருக்கும். இது தாழ்ந்த ஹேண்டில். கோயிலை விட்டுக் கிளம்பி முதல் திருப்பத்தில் ஒடித்ததும் பழம் டேங்குக்கும் ஹேண்டிலுக்கும் நடுவில் ஆப்பு அடித்த மாதிரி இறங்கிவிட்டது. வண்டி திரும்பவில்லை. நேரே இளநீர்க் குவியலில் போய் ஏறியிருக்கிறார்.

முழங்கையில் கட்டோடு கடைக்கு வந்தபோது சண்டைக்குத்தான் வருகிறார் என்று நான் உள்ளே எழுந்து போய்விட்டேன். அவரோ ஒரு பை நிறைய எலுமிச்சம்பழத்தோடு வந்திருந்தார். கடைக்கும் ஒன்று கட்டச் சொன்னார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "அந்தப் பழம் மட்டும் நடுவுல வந்து நசுங்கலேன்னா நான் நசுங்கியிருப்பேன்க்கா. எனக்கு வந்ததை அது வாங்கிக்கிச்சு."

குனிந்த அத்தா

லெப்பைக்குடிக்காட்டிலிருந்து ஒரு பிள்ளை துபாயில் வேலை பார்க்கிறது. லீவில் வந்தபோது வண்டி வாங்கி, ஹேண்டிலை இறக்கி, ஊரைச் சுற்றிவிட்டு லீவு முடிந்து போய்விட்டது. வண்டி அந்தப் பிள்ளையின் அத்தாவிடம், அதாவது அப்பாவிடம், வந்து சேர்ந்தது. அத்தாவுக்கு வயது எழுபதை ஒட்டி இருக்கும். வெள்ளைத் தாடியும் தொப்பியுமாக, டேங்க் மேல் படுத்த மாதிரி அவர் மார்க்கெட்டுக்கு வருவதைப் பார்க்கும்போது எனக்கே இடுப்பு வலிக்கும்.

"ஏங்க பாய், பழைய ஹேண்டில் இங்கதான் தொங்குது, மாட்டிருவோமா?" என்று கேட்டேன். மகன் வீடியோ காலில் வண்டியைக் காட்டச் சொல்லிப் பார்ப்பானாம், மாற்றினால் மனசு விட்டுப்போகுமாம். தொழுகையில் இடுப்பை வளைத்துக் குனிந்து நிற்பதை அவர்கள் ருகூ என்பார்கள். முதுகைப் பிடித்துக்கொண்டு இறங்கியவர் சொன்னார்: "பரவால்லம்மா, வூட்டுலேருந்து பள்ளிவாசல் வரைக்கும் ருகூவுலயே போறேன், ருகூவுலயே வரேன். அல்லாஹ் கணக்குல சேர்த்துக்குவான்."

கண்ணாடி

ஹேண்டில் தாழ்ந்தால் கண்ணாடியில் ஓட்டுகிறவரின் முழங்கைதான் தெரியும். அதனால் கண்ணாடியையும் கழற்றி வாங்கிக்கொள்வார்கள். மீன்சுருட்டியிலிருந்து வந்த ஒருவரிடம், பின்னால் லாரி வந்தால் எப்படித் தெரியும் என்று கேட்டேன். கொஞ்சம்கூட யோசிக்காமல் சொன்னார்: "பின்னால வர்றவன் கண்ணு தெரிஞ்சவன்தானேக்கா, அவன் பாத்துக்குவான்."

மாப்பிள்ளை வண்டி

இதுவரை சொன்னது ஊரார் கவலை. இனி என் கவலை.

என் மகள் மலரை அரியலூரில் கொடுத்திருக்கிறோம். மாப்பிள்ளைக்கு சிமெண்ட் ஆலையில் வேலை. நல்ல பிள்ளை, குடி கிடையாது, ஒரு வார்த்தை அதிர்ந்து பேசமாட்டார். கல்யாணச் சீரில் நாங்கள் வாங்கிக் கொடுத்த வண்டியையே ஒருநாள் எங்கள் கடைக்கு ஓட்டி வந்து, "மாமா, ஹேண்டிலைக் கொஞ்சம் இறக்கணும்" என்றார். மாப்பிள்ளை கேட்டு மாமனார் மறுப்பாரா? இருப்பதிலேயே விலை ஒசத்தியான ஹேண்டிலை எடுத்து மாட்டினார். மலர் அப்போது முழுகாமல் இருந்தாள். ஓட்டுகிறவர் முன்னால் குனிந்துவிட்டால் பின்னால் இருப்பவளுக்குப் பிடித்துக்கொள்ள என்ன இருக்கிறது? அரியலூர் ரோட்டில் சுண்ணாம்புக்கல் லாரிகள் ஒன்றை ஒன்று துரத்திக்கொண்டு போகும்.

எங்கள் பக்கத்தில் மாமியார் மாப்பிள்ளையிடம் நேருக்கு நேர் நின்று பேசுவதில்லை. எது சொல்வதானாலும் பக்கத்தில் இருக்கிறவரிடம் சொல்வதுபோலச் சொல்ல வேண்டும். அதனால் நான் சேகரைப் பார்த்து, "ஏன் சேகரு, எல்லாரும் ஒடிச்சுக் காட்டுறாங்க, இந்த வண்டியையும் ஒருக்கா ஒடிச்சுப் பாத்தா தேவல" என்றேன். மாப்பிள்ளை சிரித்துக்கொண்டே ஒடித்தார். விரல் டேங்கில் இடித்தது, எனக்கே கேட்டது. அவரும் மரியாதையாகச் சேகரைப் பார்த்துத்தான் பதில் சொன்னார்: "கட்டைவிரலுக்குப் பழகிரும்னு அத்தைகிட்ட சொல்லுங்கண்ணே."

வாங்கிப் போன ஒருவர்

கழற்றிய ஹேண்டிலை யாரும் கையோடு கொண்டுபோவதில்லை. வண்டியை விற்கும்போது வாங்கிக்கொள்கிறேன் என்பார்கள். நான் வெள்ளை டேப்பில் பேர் எழுதி ஒட்டி, சுவரில் ஆணி அடித்து மாட்டிவைப்பேன். கிடாக் கொம்பு மாதிரி சுவர் முழுக்கத் தொங்கும். மாப்பிள்ளையுடையதை மட்டும் கல்லாவுக்கு நேரே மாட்டியிருந்தேன், கண் பார்வையில் இருக்கட்டும் என்று.

அரியலூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து பெரியவர் ஒருவர் பஸ்ஸில் வந்து இறங்கினார். மகன் பேரைச் சொல்லி, அவனுடைய பழைய ஹேண்டில் இங்கே இருப்பதாகச் சொல்லியிருந்தான், இருக்கிறதா என்று கேட்டார். சேகர் எடுத்துத் துடைத்துக்கொண்டே, "ஏன், தம்பி வரலீங்களா? வண்டியை விக்கிறாரா?" என்றார். பெரியவர் இல்லை என்று தலையாட்டினார். லாரி என்றார். அவ்வளவுதான் சொன்னார். பிறகு இரண்டு கைப்பிடியையும் இரண்டு கையால் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார், ஓட்டப் போகிறவர் மாதிரி. பேப்பரில் சுற்றித் தருகிறேன் என்றேன், வேண்டாம் என்றார். "வண்டியில நசுங்காம மிச்சமிருக்கறது இது ஒண்ணுதாம்மா" என்று சொல்லி, அதை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு பஸ் ஏறினார்.

அன்றைக்குச் சாயங்காலம் நான் கேட்டேன், அந்தப் பழைய ஹேண்டிலே வண்டியில் இருந்திருந்தால் அந்தப் பிள்ளை ஒடித்துத் தப்பியிருக்குமா என்று. என் வீட்டுக்காரர் ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டே இருந்தார். சேகர்தான் பதில் சொன்னார்: "தெரியலக்கா. லாரிக்கு மட்டும் ஹேண்டில் உசரம் தெரியவா போவுது?"

அரியலூருக்கு நான் கொண்டு போனது

அதற்குமேல் எனக்குப் பொறுக்கவில்லை. கல்லாவுக்கு நேரே தொங்கிய ஹேண்டிலை எடுத்து, ஒரு பழைய புடவையில் சுற்றி, மலருக்குப் பிடிக்கும் என்று கொஞ்சம் முறுக்கும் எடுத்துக்கொண்டு அரியலூர் பஸ்ஸில் ஏறினேன். கண்டக்டர் அது என்ன என்று கேட்டார். மாப்பிள்ளைக்குச் சீர் என்றேன். வழியெல்லாம் ஜன்னலில் லாரிகளைப் பார்த்துக்கொண்டே போனேன்.

மாப்பிள்ளை வேலை முடிந்து வந்து வண்டியை நிறுத்தியதும், வாழ்க்கையில் முதல் தடவையாக அவருக்கு எதிரில் போய் நின்றேன். "மாப்பிள்ளை, இதை மாட்டிக்குங்க. உங்களைக் கையெடுத்துக் கும்புடுறேன்" என்றேன். அவர் பதறிப்போய் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, "சரிங்கத்தை, சரிங்கத்தை" என்றார். எனக்கு அப்பாடா என்று இருந்தது. மலர் என்னை அடுப்படிக்கு இழுத்துக்கொண்டு போய்க் கேட்டாள்: "ஏம்மா, இப்படி மானத்தை வாங்குற? அவங்க முன்னாடி போய் நிக்கிறியே, அவங்க வூட்டுல என்னா நெனப்பாங்க?"

தொட்டில்

வளைகாப்பு முடிந்து மலரை எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்தோம். பேரன் பிறந்தான். மாப்பிள்ளை வாராவாரம் பிள்ளையைப் பார்க்க வருவார். வண்டிச் சத்தம் கேட்டதும் ஓடிப்போய் வாசலில் எட்டிப் பார்ப்பேன். ஹேண்டில் தாழ்ந்தே இருக்கும், முதுகும் குனிந்தே இருக்கும். மறுபடியும் எதிரில் போய் நின்று கேட்க எனக்கு வாய் எழவில்லை. வேலை அதிகமாக இருக்கும், அடுத்த வாரம் மாட்டிவிடுவார் என்று நானே எனக்குச் சொல்லிக்கொள்வேன்.

பேரனைக் கொண்டுபோய் விடுகிற நாள் வந்தது. கார் பிடித்து, அரைஞாணும் காப்பும் போட்டு, அரியலூர் போய் இறங்கினோம். உள்ளே கூடத்தில் தொட்டில் தயாராக இருந்தது. உத்தரத்திலிருந்து கயிறு, கயிற்றில் மாப்பிள்ளையின் அம்மாவுடைய நூல் புடவை. புடவை சுருங்காமல் விரித்துப் பிடிக்க நடுவில் ஒரு கட்டை வைப்பார்கள் அல்லவா? அந்த இடத்தில் நான் கொண்டு வந்த ஹேண்டில் பளபளவென்று துடைத்து வைக்கப்பட்டிருந்தது. நான் எழுதி ஒட்டிய டேப்கூட அப்படியே இருந்தது, மாப்பிள்ளை பேரோடு. பேரனை அதில் கிடத்தி ஆட்டினார்கள். சிரித்தான்.

வெளியே மாப்பிள்ளை இனிப்பு வாங்கி வர வண்டியை எடுக்கிற சத்தம் கேட்டது. நான் வாசலைப் பார்ப்பதா தொட்டிலைப் பார்ப்பதா என்று தெரியாமல் நின்றேன். மலர் என் கையைப் பிடித்துக்கொண்டு, பெருமையாகச் சொன்னாள்: "பாத்தியாம்மா, நீ குடுத்ததை அவங்க வீணாக்கல."

எங்கள் தொழிலில் பழைய ஹேண்டில்பார்களுக்கு ஒரு குறையும் இல்லை, ஆணியிலும் தொட்டிலிலும் ஒரு தகப்பன் மார்பிலும் பத்திரமாகவே இருக்கின்றன. வண்டியில்தான் ஒன்றுகூட இல்லை.