உப்பு பூத்த சுவர்

மாதாகோயிலைத் திறந்ததும் சகாயராணி முதலில் சுவரோரம்தான் பெருக்குவாள். இரவெல்லாம் உதிர்ந்த வெள்ளைப் பொடி அங்கே கிடக்கும். பூசைக்கு ஆள் வருவதற்குள் அதை அள்ளி மல்லிகைச் செடிக்குப் பின்னால் கொட்டிவிடுவாள்.

வெள்ளைக்காரச் சாமியார்கள் செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய கோயில் அது. இரண்டு முழம் கனத்த சுவர், வளைந்த கூரை, சுட்ட செங்கல் பாவிய தரை. அந்தத் தரைமேல்தான் அவள் கிரானைட் போட்டுக் கொடுத்தாள். மகன் அமலதாஸ் சவுதியில் இறந்து, அங்கேயே மண்ணுக்குள் போய்விட்டான். கம்பெனி கொடுத்த பணம் முழுக்க இந்தத் தரைக்குப் போனது. பீடத்துக்கு முன்னால் ஒரு கல்லில் அவன் பெயர் இருக்கிறது. கல்லறைத் திருநாளில் எல்லோரும் கல்லறைக்குப் போவார்கள். அவள் அந்தக் கல்லில் மெழுகுத்திரி ஏற்றுவாள்.

கல் போட்ட மறுவருஷமே சுவர் உப்புப் பூக்க ஆரம்பித்தது. கல்லால்தான் என்று அவளுக்குப் பட்டது. வெளியே தெரிந்தால் பெயர்த்துவிடுவார்கள்.

திருவண்ணாமலையில் தீபம் முடிந்த வாரம் விடாமல் மழை. பாட்டுக்குழு நிற்கும் இடத்தில் பூச்சு பாளமாகப் பெயர்ந்து விழுந்தது. நல்லவேளை, யாரும் இல்லை. பங்குச்சாமியார் இன்ஜினியர் மதிவதனியைக் கூட்டிவந்தார். சின்னப் பெண். சுவரைத் தட்டிப் பார்த்தாள்.

“தரையில இருக்கிற ஈரம் முன்னெல்லாம் செங்கல் வழியா வெளிய போயிடும் ஃபாதர். இப்ப கல்லு மூடிடுச்சு. அதான் சுவர்ல ஏறுது. கல்லை எடுத்தாதான் சுவரும் கூரையும் நிக்கும். இத்தனை நாளா பொடி கொட்டியிருக்கணுமே, யாரும் பாக்கலையா?”

சாமியார் சகாயராணியைப் பார்த்தார். அவள் தன் கையிலிருந்த துடைப்பத்தைப் பார்த்தாள்.

“ஒரு கல்லு மட்டும் இருக்கட்டும் பாப்பா,” என்றாள்.

மதிவதனி மறுபடியும் சுவரைத் தட்டினாள்.

“அதைக் கல்லறையில கொண்டுபோய் வெச்சிடலாம்மா,” என்றார் சாமியார்.

“அங்க அவன் இல்லையே சாமி.”

“இங்கயும் இல்லையேம்மா.”

சொன்ன பிறகு சாமியார் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

கடப்பாரை விட்டு நெம்பினார்கள். சிமெண்டு கெட்டியாகப் பிடித்திருந்தது. அமலதாஸின் கல் மூன்றாக உடைந்தது. அடியில் பழைய செங்கல் நனைந்து வெளுத்திருந்தது. அவள் கை வைத்துப் பார்த்தாள். சில்லென்றிருந்தது.

“எப்ப காயும் பாப்பா?”

“வருஷக்கணக்காகும்மா. அதுவரைக்கும் கொட்டிட்டேதான் இருக்கும்.”

மறுநாள் காலையிலும் பொடி உதிர்ந்து கிடந்தது. இனி ஒளிக்க ஒன்றுமில்லை. இருந்தும், சாமியார் வருவதற்குள் அவசர அவசரமாக அள்ளிக்கொண்டு மல்லிகைச் செடிப் பக்கம் ஓடினாள்.