நீலப் பொட்டு வைத்த வரைபடம்

எங்கள் தெருமுனை டீக்கடைக்காரர் இந்த மழைக்காலத்துக்கு முன்னால் கூரையை மாற்றினார். பழைய தார்ப்பாய் கிழிந்துவிட்டது. தெருக்காரர்கள் சேர்ந்து நடத்தும் பாரா கிளப்பில் சுருட்டிப் போட்டிருந்த பெரிய ஃப்ளெக்ஸ் ஒன்றைக் கேட்டு வாங்கி, அச்சடித்த பக்கம் உள்ளே தெரியும்படி மூங்கிலில் இழுத்துக் கட்டிவிட்டார். இந்த ஊரில் அப்படிக் கட்டுகிற ஃப்ளெக்ஸில் வழக்கமாக யாராவது ஒரு தலைவர் கைகூப்பிக்கொண்டிருப்பார், இல்லையென்றால் பூஜைக்கு விளம்பரம் கொடுத்த நகைக்கடை இருக்கும். இதில் இருப்பது பெஹாலாவில் நாங்கள் குடியிருக்கும் பகுதியின் வரைபடம். தெரு, சந்து, சாக்கடை, வீடு எல்லாம் தனித்தனியாகத் தெரியும். டீ குடிக்க ஒதுங்குகிறவர்கள் அண்ணாந்து பார்த்து அவரவர் வீட்டைத் தேடுகிறார்கள். வரைபடம் படு சுத்தமாக இருக்கிறது, அதில் ஒரு பொட்டுகூட இல்லை. அது எப்படி இத்தனை சுத்தமாக இருக்கிறது என்று தெரிந்தவர்கள் இந்தத் தெருவில் நிறையப் பேர் உண்டு, யாரும் வாய் திறப்பதில்லை. எனக்கு மட்டும் அதற்குக் கீழே நின்றால் மதினி ஞாபகம் வந்துவிடுகிறது.

மதினி என்றால் என் அண்ணன் மனைவி. எங்கள் அப்பா துறைமுக வேலைக்காகத் திருநெல்வேலியிலிருந்து இந்தப் பெங்காலி ஊருக்கு வந்து, பெஹாலாவில் இடம் வாங்கி வீடு கட்டியவர். கீழ்வீடு அண்ணனுக்கு, மாடி எனக்கு. நான் இங்கேயே பிறந்து வளர்ந்து, அப்பா வேலை பார்த்த அதே துறைமுக அலுவலகத்தில் ஓய்வு பெற்றவள். என் தமிழில் பாதி பெங்காலி என்று வீட்டில் கேலி செய்வார்கள். மதினி அப்படி இல்லை. கல்யாணமாகி வந்தபோது கொண்டுவந்த திருநெல்வேலிப் பேச்சை இன்றுவரை விடவில்லை, பெங்காலியைக்கூட அந்த ராகத்தில்தான் பேசுவார். அவர் ஓர் ஆராய்ச்சி நிறுவனத்தில் விஞ்ஞானி. மழை எங்கே விழுகிறது, எப்படி ஓடுகிறது, எங்கே போய் நிற்கிறது என்பதுதான் அவர் படிப்பு. வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீரில் நின்று சாம்பாருக்குத் தாளித்துக்கொண்டே, அந்தத் தண்ணீர் எந்தச் சந்து வழியாக வந்தது என்று எனக்கு விளக்குவார். கேட்டுக்கொண்டிருந்தால் தண்ணீர் மேலேயே ஒரு மரியாதை வந்துவிடும்.

மழையின் போக்கே மாறிவிட்டது, மாதம் முழுக்கப் பெய்ய வேண்டியது ஒரே மத்தியானத்தில் கொட்டுகிறது, இனி வரும் காலத்துக்கு இந்தப் பகுதி எப்படித் தயாராவது என்று ஒரு திட்டம் வந்தது. விஞ்ஞானிகளும் நகராட்சிப் பொறியாளர்களும் குடியிருப்பவர்களும் ஒன்றாக உட்கார்ந்து எழுத வேண்டிய திட்டம். குடியிருப்பவர்களுக்கு அதில் ஸ்டேக்ஹோல்டர் என்று பெயர். என்னையும் வரச் சொன்னார் மதினி. "கோப்பு தள்ளுகிறவளுக்கு அங்க என்ன மதினி வேலை?" என்று கேட்டேன். "ஒன் வீட்டு வாசல்ல தண்ணி நிக்குல்லா, அந்தத் தகுதி போதும். வாளா பேசாம," என்றார். போனேன்.

கூட்டத்தை ஏசி ஹாலில் வைக்க நிறுவனம் சொன்னபோது மதினி ஒப்புக்கொள்ளவில்லை. எங்கள் பாரா கிளப்பிலேயே, கேரம் பலகையை ஓரம் தள்ளிவிட்டு, தரை முழுக்க ஒரு ஃப்ளெக்ஸ் வரைபடத்தை விரிக்கச் செய்தார். எல்லோரும் செருப்பைக் கழற்றிவிட்டு அதன்மேல் ஏறி அவரவர் வீட்டில் போய் நிற்க வேண்டும். பொறியாளர்களும் காலுறையோடு தயங்கித் தயங்கி ஏறினார்கள். அப்புறம் மதினி கைப்பையிலிருந்து எடுத்தார் பாருங்கள், பெஹாலா பஜாரில் வாங்கிய ஸ்டிக்கர் பொட்டு அட்டைகள். எல்லாம் நீலம். கணுக்கால்வரை தண்ணீர் வந்தால் சின்னப் பொட்டு, முழங்கால்வரை என்றால் நடுத்தரம், இடுப்புவரை என்றால் பெரிசு. அவரவர் வீட்டின் மேல் அவரவர் கையால் ஒட்ட வேண்டும். அவருடைய நிறுவனத்துப் பையன்கள் முதலில் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். சாயங்காலத்துக்குள் வரைபடம் முழுக்க நீலமாகி, தண்ணீர் எங்கே தங்குகிறது என்று யாரும் சொல்லாமலே தெரிந்தபோது, அவர்களே முட்டி போட்டு உட்கார்ந்து பார்த்தார்கள். முதல் பொட்டை ஒட்டியது மதினிதான். எங்கள் வீட்டின் மேல், நடுத்தர அளவு.

ஒட்டாமல் ஓரத்திலேயே உட்கார்ந்திருந்தவர் குளத்து வீட்டு பௌதி. பெங்காலியில் பௌதி என்றாலும் மதினிதான். எங்களுக்கு எதிர்ச்சாரியில், குளத்தை ஒட்டிய பழைய வீடு அவருடையது. தெருவுக்கே வேண்டியவர். சரஸ்வதி பூஜை முடிந்தால் பிள்ளைகள் சிலையைக் கரைப்பது அந்தக் குளத்தில்தான் என்பதால் வரைபடத்தில்கூட அதன்மேல் கால்பட அவருக்கு மனசில்லை. அதைவிடப் பெரிய தயக்கம் ஒன்று இருந்தது. என் வீட்டில் தண்ணீர் புகுகிறது என்று நாலு பேர் முன்னால் எப்படிச் சொல்வது, வீட்டுக்கு ஒரு பெயர் வந்துவிடாதா என்று என் காதோரம் கேட்டார். நியாயமான கேள்விதான். மதினி அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டார். உள்ளதைச் சொன்னால்தான் அந்தக் குளத்தைத் தூர்க்கக் கூடாது என்று திட்டத்தில் எழுத முடியும், பம்பு எங்கே வைப்பது என்று தெரியும், உங்கள் வீட்டைக் காப்பாற்றப்போவதே இந்தப் பொட்டுதான் என்று தன் ராகம் போட்ட பெங்காலியில் சொன்னார். பௌதி எட்டிக் குனிந்து, தரையில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு, இருப்பதிலேயே பெரிய பொட்டை ஒட்டினார். ஒட்டிய விரலை நெற்றியில் தொட்டுக்கொண்டார். அன்றைக்கு டீயும் பொரியும் சாப்பிட்டுக்கொண்டு, இந்தத் தெருவுக்கு ஏதோ நல்லது நடக்கப்போகிறது என்று நான் மனசார நம்பினேன். இப்போது அதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

திட்டம் எழுதி முடிக்கப்பட்டது. வழவழ தாளில் புத்தகமாக வந்தது, பெரிய ஹோட்டலில் வெளியீடு, ஆளுக்கொரு பூங்கொத்து. தாழ்வான இடங்களில் கட்டடம் கூடாது, குளங்கள் குளங்களாகவே இருக்க வேண்டும், சாக்கடையை அகலப்படுத்த வேண்டும் என்று எல்லாம் அதில் இருந்தது. அதை நடைமுறைக்குக் கொண்டுவர ஓர் உத்தரவு வர வேண்டும். அது வரவில்லை. இந்த இலாகா அந்த இலாகாவைக் காட்டியது, அந்த இலாகா தேர்தல் முடியட்டும் என்றது. மதினி நடையாய் நடந்தார். ஆனால் புத்தகத்தின் கடைசியில் மடித்து வைத்திருந்த வரைபடத்துக்கு எந்த உத்தரவும் தேவைப்படவில்லை. அது தானாகவே ஊரைச் சுற்ற ஆரம்பித்தது.

பௌதி தன் வீட்டுத் தரையை உயர்த்திக் கட்ட வங்கியில் கடன் கேட்டிருந்தார். தண்ணீர் புகாமல் இருக்கத்தான் கேட்டார். மதிப்பீடு செய்ய வந்தவர் கையில் எங்கள் வரைபடம் இருந்தது. இது நீர் தேங்கும் இடம் என்று நீங்களே குறித்திருக்கிறீர்களே, இதற்கு எப்படிக் கடன் கொடுப்பது என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். அன்று சாயங்காலம் பௌதி எங்கள் கீழ்வீட்டுக்கு வந்தார். சண்டை போட வந்திருந்தால்கூடத் தேவலை. மதினி கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டு, தம்ளரைத் தானே கழுவி வைத்துவிட்டு, "தீதி, அந்த ஒரு பொட்டை மட்டும் எடுத்துவிட முடியுமா?" என்று கேட்டார். மறுநாளிலிருந்து மதினி வங்கிக்கும் நகராட்சிக்கும் அலைந்தார். வரைபடம் செய்தது இதற்காக இல்லை என்று எத்தனை பேரிடம் சொல்லியிருப்பாரோ. எல்லோரும் உட்கார வைத்து மரியாதையாகக் கேட்டார்கள், மரியாதையாகவே அனுப்பி வைத்தார்கள். வேறு யாரும் வாங்க மாட்டார்கள் என்று தெரிந்து வந்த, அடுக்குமாடி கட்டும் ஒரு ப்ரமோட்டரிடம், அவன் சொன்ன விலைக்கு, பௌதி குளத்தோடு சேர்த்து வீட்டை விற்றார். இப்போது சாந்த்ராகாச்சியில் தம்பி வீட்டோடு இருக்கிறார். லாரி லாரியாக இடிபாட்டைக் கொட்டிக் குளத்தை மூடினார்கள். அதன்மேல் எழும்பிய கட்டடத்தை நல்ல உயரத்தில் தூக்கிக் கட்டியிருக்கிறார்கள், அங்கே சொட்டுத் தண்ணீர் ஏறாது. குளத்தில் நின்ற தண்ணீர் எங்கே போகும்? அதுவும் எங்கள் வீட்டுக்குள் வந்தது.

இதற்கிடையில் அண்ணனுக்கு வாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. மழை என்றால் அண்ணனைப் படுக்கையோடு தூக்கி, கட்டில் காலுக்கு அடியில் செங்கல் அடுக்குவோம். தண்ணீர் ஏற ஏற இன்னொரு செங்கல். கீழே அந்தக் கறுப்புத் தண்ணீர் அலம்பிக்கொண்டிருக்க, பேச்சு வராத அண்ணன் கூரையையே பார்த்துக்கொண்டிருப்பார். என் மாடிக்கு ஏறும் படி குறுகல், அதில் அவரைத் தூக்கிப் போக முடியாது. லிஃப்ட் உள்ள ஃப்ளாட்டுக்குப் போனால்தான் பிழைப்பு என்று டாக்டர் சொன்னார். கீழ்வீட்டை விற்றால்தான் ஃப்ளாட். நீலப் பொட்டு இருக்கிறவரை அது விற்காது.

அந்தச் சமயம் பார்த்துத் திட்டத்தின் இரண்டாம் கட்டம் என்று ஒன்று வந்தது. பழைய வரைபடத்தைப் புதுப்பிக்க வேண்டும். அதே கிளப், அதே கேரம் பலகை ஓரத்தில், தரையில் புது ஃப்ளெக்ஸ். அதில் குளம் இல்லை, கட்டடம் இருந்தது. எல்லோரும் செருப்பைக் கழற்றினார்கள், அவரவர் வீட்டில் போய் நின்றார்கள். மதினி பொட்டு அட்டைகளைக் கொடுத்தார். வாங்கிக்கொண்டார்கள். அதன் பிறகு யாரும் குனியவில்லை. மருந்துக்கடைக்காரர் முதலில் சொன்னார், எங்கள் பக்கம் தண்ணீர் தேங்குவதில்லை. போன மழையில் அவர் கடை மருந்துகள் தெருவில் மிதந்ததை நாங்கள் எல்லோரும்தான் பொறுக்கிக் கொடுத்தோம். அப்புறம் ஒவ்வொருவராக அதையே சொன்னார்கள். பௌதிக்கு நடந்தது எல்லோருக்கும் தெரியும். நான் அப்பா கட்டிய வீட்டின் மேல், கையில் அட்டையோடு, மதினியையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

மதினி நடந்து வந்து என் பக்கத்தில் நின்றார். அட்டையிலிருந்து நகத்தால் பெரிய பொட்டு ஒன்றைப் பிரித்தெடுத்தார். அது அவர் விரல் நுனியில் ஒட்டிக்கொண்டிருந்தது. இத்தனை வருஷம் தண்ணீரைப் பற்றி ஒரு பொய்கூடச் சொல்லாத மனுஷி. ஒட்டிவிடுவார் என்றுதான் நினைத்தேன், ஒட்டிவிடக் கூடாதே என்றும் வேண்டிக்கொண்டேன். மதினி பொட்டைத் திரும்ப அட்டையிலேயே ஒட்டி, அட்டையைக் கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தார். பொறியாளருக்கு ஒரே சந்தோஷம், நிலைமை இவ்வளவு முன்னேறியிருக்கிறதே என்று எல்லோருக்கும் கைகொடுத்தார். நிறுவனத்துப் பெண் ஒருத்தி வெறும் வரைபடத்தைப் போட்டோ எடுத்துக்கொண்டாள்.

திரும்பி வந்து வாசல் கேட்டைத் திறக்கும்போது மதினி, "ஒங்க அண்ணன எப்படியாவது மேல கொண்டுபோயிரணும்லா. எனக்கு வேற வழி தெரியலளா," என்றார். கீழ்வீடு விற்றது. அவர்கள் டாலிகஞ்சில் நாலாவது மாடிக்குப் போனார்கள். அண்ணன் அங்கே ஒரு மழைக்காலம் இருந்தார், அடுத்ததற்கு இல்லை. மதினி இப்போதும் அங்கேதான். வேலையை விட்டுவிட்டார். மழை பெய்கிற நாளில் நான் கூப்பிட்டால் போனை எடுப்பதில்லை. மறுநாள் அவரே கூப்பிட்டு, சாப்பிட்டியா, மாத்திரை போட்டியா என்று மட்டும் கேட்பார். எங்கள் தெருவில் எவ்வளவு தண்ணீர் நின்றது என்று கேட்பதே இல்லை.

கீழ்வீட்டை வாங்கியது சின்ன வயசுத் தம்பதி. கைக்குழந்தை இருக்கிறது. ஆயுசுக்கும் கட்ட வேண்டிய கடன். வாங்குவதற்கு முன்னால் அந்தப் பெண் புத்திசாலித்தனமாகப் புது வரைபடத்தைத் தேடிப் பார்த்திருக்கிறாள், பொட்டு இல்லை என்று தைரியமாக வாங்கியிருக்கிறாள். என்னைப் பிஷி என்று அத்தை முறை வைத்துக் கூப்பிடுவாள். மீன் சாப்பிடாதவள் என்று எனக்குத் தனியாக, உருளைக்கிழங்கில் கசகசா அரைத்துவிட்டு ஆலு போஸ்தோ செய்து மாடிக்குக் கொண்டுவந்து தருவாள். நேற்று இரண்டு மணி நேரம் கொட்டிய மழையில் அவர்கள் வீட்டுக்குள் முழங்காலுக்கு மேல் தண்ணீர். நான்தான் இறங்கிப் போய்ச் செங்கல் எங்கே இருக்கிறது என்று காட்டினேன். மாடிப்படிக்கு அடியில், அண்ணன் காலத்துச் செங்கல், அடுக்கி வைத்தபடியே இருந்தது.

இன்று காலை மழை விட்டதும் பால் வாங்கப் போனேன். தெருவில் தண்ணீர் இன்னும் வடியவில்லை. டீக்கடைக்குக் கீழே அவள் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். அண்ணாந்து அந்த ஃப்ளெக்ஸைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். நடுவில் மழைத் தண்ணீர் தேங்கி அது கீழே தொங்கியது. கடைக்காரர் குச்சியால் குத்தித் தூக்கிவிட, ஓரமாகத் தண்ணீர் கொட்டியது. அவள் என்னைப் பார்த்து, "பிஷி, இதில் நம் வீட்டில் ஒன்றுமே குறிக்கவில்லையே. முன்னாலும் இப்படித்தான் வருமா?" என்று கேட்டாள். கடைக்காரர் டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். பக்கத்தில் மருந்துக்கடைக்காரரும் நின்றிருந்தார். அவர் வேறு பக்கம் பார்த்தார். எனக்குக் கணுக்கால்வரை தண்ணீர்.

"இல்லம்மா," என்றேன். "இந்த வருஷம்தான் மழை கொஞ்சம் ஜாஸ்தி."