மருமகள் செடிக்கு ஓட்டைச் சட்டி

கோவில்பட்டியில் குழாயில் தண்ணீர் வருகிற நாள்தான் எங்களுக்குத் திருநாள். குடம், அண்டா, டிரம் எல்லாம் நிரம்பும். அப்படி அடித்துப் பிடித்துப் பிடித்த தண்ணீரைச் செடிக்கு ஊற்றி, அது அடியில் ஒழுகிப் போனால் யாருக்கு மனசு தாங்கும்? அதனால் எங்கள் தெருவில் பூந்தொட்டி வாங்கி வந்தால் முதல் வேலை, அடி ஓட்டையைச் சிமென்ட் வைத்து அடைப்பதுதான்.

சித்திரையில் கல்யாணமாகி வந்த என் மருமகள் கேரளத்துப் பெண். சீர் சாமானெல்லாம் வேனில் வந்தது. ஓர் ஆர்க்கிட் செடியை மட்டும் மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். அவள் அம்மா வளர்த்தது. தேங்காய் மட்டையில் கட்டியிருந்தார்கள். மண் ஒரு பொட்டு கிடையாது, வேரெல்லாம் வெளியே தொங்கியது. அதைப் பார்த்ததும் எங்கள் வீட்டுக்காரருக்கு இரக்கம் பொங்கிவிட்டது.

மகனும் மருமகளும் விருந்துக்குப் போயிருந்த நேரம். எப்போதும்வென்றான் ஊரிலுள்ள எங்கள் புஞ்சையிலிருந்து கரிசல் மண் கொண்டுவந்து, அடி அடைத்த தொட்டியில் போட்டு, செடியைக் கழுத்தளவு புதைத்துத் தண்ணீரும் விட்டார். “கரிசல்ல குச்சிய ஊனுனாலும் முளைக்கும்” என்று பெருமை வேறு. புது மருமகள் மாமனாரிடம் என்ன சொல்வாள்? சிரித்து வைத்தாள்.

கரிசல் தண்ணீரைப் பிடித்தால் விடாது. பருத்திக்கு அது வரம், இந்தச் செடிக்கு எமன். ஆனி பிறப்பதற்குள் இலை மஞ்சளாகி ஒவ்வொன்றாக விழுந்தது. ஒருநாள் கொடியில் துணி காயப்போடும்போது, அவள் தன் அம்மாவிடம் போனில் பேசுவது காதில் விழுந்தது. மலையாளம் எனக்கு அரைகுறைதான். ஆனாலும் ஓணத்துக்கு வரும்போது செடியைத் திரும்பக் கொண்டுவந்துவிடுகிறேன், இந்த ஊர் அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று அவள் அழுதது புரிந்துவிட்டது. இன்றைக்குச் செடி போகும், நாளைக்குப் பின்னாலேயே இவளும் போய்விட்டால்?

நேரே போய்க் கேட்டேன். “இதுக்கு என்னதாம்மா வேணும்? வாயத் தொறந்து சொல்லு.”

கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள். “மண்ணு வேண்டாம் அம்மா. வேருக்குக் காத்து வேணும். சட்டியில சுத்திலும் ஓட்டை வேணும்.”

மறுநாள் விடிந்ததும் கயத்தாறு போகும் வழியில் சட்டி பானை செய்கிறவரிடம் போய் நின்றேன். விஷயத்தைச் சொன்னதும் மனிதர் கையை உதறிக்கொண்டு எழுந்துவிட்டார்.

“யக்கா, காலங்காத்தால என்ன கேக்குதீங்க? பானையில ஓட்ட எங்க போடுவாவ? உங்களுக்குத் தெரியாதா?”

தெரியாமல் என்ன? கொள்ளி வைக்கிற பிள்ளை தோளில் குடத்தோடு சுற்றிவரும்போது சுடுகாட்டில் போடுகிற ஓட்டை அது. எனக்கும் ஒரு நிமிஷம் சுருக்கென்றுதான் இருந்தது. ஆனால் வந்த காரியம் பெரிது. கோபமும் வந்துவிட்டது.

“ஏன் அண்ணாச்சி, அக்னி நட்சத்திரத்துல சிவன் தலைக்கு மேல பாத்திரம் கட்டுதாவல்லா? சொட்டுச் சொட்டா விழுதே, அது ஓட்டை இல்லாமலா விழுது? சாமிக்கு ஆகுறது எங்க வீட்டுச் செடிக்கு ஆகாதோ?”

அவர் சிரித்துவிட்டு, ஈரம் காயாத ஒரு சட்டியை எடுத்து, விரல் பருமன் குச்சியால் சுற்றிலும் குத்த ஆரம்பித்தார். சுட்டெடுத்த பிறகு குத்தினால் விரிசல் விட்டுவிடுமாம்.

சூளையிலிருந்து சட்டி வந்ததும் மாமியாரும் மருமகளுமாக உட்கார்ந்தோம். புதுச்சட்டி செடிக்கு ஊற்றும் தண்ணீரைத் தானே குடித்துவிடும் என்பதால் ஒருநாள் முழுக்க அண்டாவில் ஊறப்போட்டோம். அழுகிய வேரை அவள் நறுக்கினாள். அடியில் ஓட்டுச் சில்லு, அதன்மேல் அடுப்புக்கரி, இடையிடையே ஊறவைத்த தேங்காய் மட்டைத் துண்டு. செடியை அமுக்காமல் மேலாக வைத்து, வேப்பமர நிழலில் தொங்கவிட்டோம். தண்ணீர் ஊற்றினாள். எல்லா ஓட்டையிலிருந்தும் ஒழுகியது.

எங்கள் வீட்டுக்காரர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! ஓட்டைச் சட்டி வீட்டுக்கு ஆகாது என்று முனகிக்கொண்டிருந்தவர், தண்ணீர் வீணாவதைப் பார்த்ததும் சகுனத்தையே மறந்துவிட்டார். கறிவேப்பிலைத் தொட்டியை இழுத்துவந்து நேர் கீழே வைத்தார். “சரி, இப்ப ஊத்துங்க” என்றார்.

ஆடிக் காற்று அடித்து ஓய்ந்தபோது, ஓர் ஓட்டை வழியாகப் பச்சை நுனியோடு ஒரு வேர் எட்டிப் பார்த்தது. அவள் என்னைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் காட்டினாள். ஆனாலும் ஓணம் வருகிறதே என்று எனக்கு உள்ளுக்குள் அடித்துக்கொண்டுதான் இருந்தது. ஊருக்குக் கிளம்பும்போது செடியை அவள் எடுக்கவில்லை. “பாத்துக்கோங்க அம்மா” என்று மட்டும் சொன்னாள். அவள் திரும்பி வரும்வரை எனக்குச் சோறு இறங்கவில்லை.

குருவாயூர் ரயிலில் வந்து இறங்கினாள். மகன் பெட்டியை வாங்கினான். அவள் கையிலிருந்த கூடையை மட்டும் தரவில்லை. உள்ளே எட்டிப் பார்த்தேன். மட்டையில் கட்டிய இரண்டு செடிகள்.

“சட்டிக்காரர்கிட்ட இன்னும் ரெண்டு சொல்லணும் அம்மா” என்றாள்.

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அதுவரை வாம்மா, போம்மா என்று விருந்தாளியைப் போல அவளைக் கூப்பிட்ட வாயிலிருந்து, எங்கள் ஊரில் பெற்ற பெண்ணைக் கூப்பிடுகிற சொல் தானாக வந்தது.

“ஏட்டி, ரெண்டு போதுமா?”