வெறும் நெற்றியோடு போகாத வெள்ளித் தாங்கி

ஓசூரில் எங்கள் கம்பெனி செய்யும் வெள்ளி மெழுகுவர்த்தித் தாங்கிகள் வெளிநாட்டுச் சீமான்களின் சாப்பாட்டு மேசைக்குப் போகின்றன. உடம்பெல்லாம் சுருண்ட இலை, சிப்பி, கொடி வேலைப்பாடு. ஆயுதபூஜையன்று மெஷின்களுக்குப் பொட்டு வைத்த பாலிஷ் பிரிவு அக்கா, பேக்கிங்குக்கு நின்ற தாங்கிகளுக்கும் சந்தனம், குங்குமம் வைத்துவிட்டார். செக்கிங் பார்க்கும் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"ஏன்க்கா, இதுக்குமா வெப்பீங்க?"

"அவ்ளோ தூரம் போவுதுங்க சார். வெறும் நெத்தியோட எப்பிடி அனுப்பறது?"

பல் துலக்கும் பிரஷ்ஷால் இடுக்கு இடுக்காகத் தேய்த்தேன். கடைசித் தாங்கியில், ஒரு சிப்பியின் மடிப்புக்குள் குங்குமம் கொஞ்சம் ஒட்டியிருந்தது. பிரஷ்ஷை அதன் பக்கம் கொண்டுபோனேன். பிறகு பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டு, தாங்கிக்குத் தாளைச் சுற்றி நானே பெட்டியில் படுக்க வைத்தேன்.