விண்டோஸுக்குப் பூக்கேட்டது

எங்கள் பனியன் கம்பெனியில் இருந்தது ஒரே கம்ப்யூட்டர். அது டாஸில் ஓடியது; கறுப்புத் திரையில் எழுத்து மட்டும்தான் தெரியும். அட்டைப்பெட்டிகளுக்கு லேபிள் அச்சடிக்க நான் எழுதிய புரோகிராமும் அதில்தான் இருந்தது. எந்தப் பெட்டியில் எந்த நிறம், எந்த அளவு பனியன் என்று லேபிள்தான் சொல்லும். லேபிள் இல்லாத பெட்டி தூத்துக்குடிக்குப் போகாது.

அந்த வாரம் ஒரு சரக்கு கப்பலேற வேண்டியிருந்தது. அதே வாரம், சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையரும் கம்பெனியைப் பார்க்க வருவதாக இருந்தது. அவர் வரும்போது விண்டோஸ் ஓட வேண்டும் என்பது முதலாளியின் ஆசை. அவிநாசி ரோட்டில் ஒரு கம்பெனியில் அதைப் பார்த்துவிட்டு வந்திருந்தார்.

"கலரா இருக்குது அம்மிணி. நம்முளுக்கும் போட்டுரு."

நான் ஒரு தாளை நடுவில் கோடிட்டு எழுதினேன். இடப்பக்கம்: கலர், அழகான எழுத்து, பையர் பார்ப்பார். வலப்பக்கம்: லேபிள் புரோகிராம் ஓடுமா தெரியாது, பிரிண்டர் வேலை செய்யுமா தெரியாது, ஓடாவிட்டால் திரும்ப வழியில்லை.

முதலாளி நிதானமாகப் படித்தார்.

"ரெண்டுஞ் சரியாத்தான் இருக்குது. அப்பப் பூக்கேட்டுரலாம்."

போர்வெல் போடுவதற்கும் பெண் எடுப்பதற்கும் எங்கள் பக்கம் பூக்கேட்பார்கள். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம். இரண்டையும் அம்மன் முன்னால் வைத்தால் பூசாரி ஒன்றை எடுப்பார். வெள்ளை வந்தால் செய்யலாம். சிவப்பு வந்தால் விட்டுவிட வேண்டும்.

அம்மன் கோயிலில் எங்களுக்கு வெள்ளை வந்தது. முதலாளி கன்னத்தில் போட்டுக்கொண்டார். நான் மற்றப் பொட்டலத்தையும் பிரித்தேன். எதையும் முழுதாகச் சரிபார்த்தே பழக்கம். அதிலும் வெள்ளைப் பூ. பொட்டலம் கட்டியவர் முதலாளி.

"என்னுங்க இது, ரெண்டும் வெள்ளையா இருக்குது?"

"ஆத்தாள எதுக்கு அம்மிணி சங்கடத்துல உடோணும்?"

பூசாரி விளக்குத் திரியைச் சரிசெய்யப் போய்விட்டார். கேட்க வேண்டியதை இப்போதே கேட்டுவிடலாம் என்று எனக்குத் தோன்றியது.

"அப்பப் புது ஹார்டு டிஸ்க் ஒண்ணு வேணுமுங்க. விண்டோஸ அதுல போடறனுங்க. பழச அப்படியே கழட்டி வெச்சு, பையர் போனதும் மாட்டி லேபிள் அடிச்சுக்கலாம்."

"அதுக்கொருக்காப் பூக்கேக்கோணுமா?"

"இதுக்கு நீங்க சொன்னாப் போதுமுங்க."

வாங்கித் தந்தார்.

பையர் வந்த அன்று மானிட்டருக்குச் சந்தனம் குங்குமம் வைத்திருந்தோம். திரையில் நீல வானமும் மேகமும் தெரிந்தன. பையர் தையல் பிரிவில் ஒரு பனியனை உட்புறம் வெளியே வரத் திருப்பி, தையலை இழுத்துப் பார்த்தார். பிறகு கம்ப்யூட்டர் அறைக்கு அழைத்து வந்தோம். வாசலில் காலணியைக் கழற்ற வேண்டும் என்று முதலாளியே சொன்னார். தூசி ஆகாது, அது அவர் போட்ட சட்டம். பையர் குனிந்து தன் ஷூ கயிற்றைப் பார்த்தார். வேண்டாம் என்று கையசைத்துவிட்டுச் சாப்பிடப் போனார்.

அவர் கார் கேட்டைத் தாண்டியதும் பழைய டிஸ்க்கை மாட்டினேன். லேபிள்கள் ஒழுங்காக வந்தன. பெட்டிகள் லாரியில் ஏறிக்கொண்டிருந்தபோது முதலாளி செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, கறுப்புத் திரையைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"வானத்தக் காணமே?"

"லாரி போகட்டுங்க. அப்பறம் காட்டறன்."

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.