மடங்கிய ஐந்து விரல்

சிறுவர் புத்தகங்களை வாசிப்புத் தரப்படி பிரிக்க நூலக ஊழியர்களான எங்களைப் பழக்குவதற்காக எங்கள் துறைமுகத்தடி நூலகத்துக்கு ஓர் அதிகாரி வந்திருந்தார். மழித்த முகம், சுருக்கமில்லாத வெள்ளைச் சட்டை. யார் பேசினாலும் வலது கையை விரித்தே வைத்திருப்பார். பிள்ளை ஒரு பக்கம் வாசிக்கும்போது பிழைக்கு ஒரு விரலாக மடக்க வேண்டும். ஐந்தும் மடங்கினால் அந்தப் புத்தகம் அந்தப் பிள்ளைக்கு இல்லை. அதுதான் அவருடைய முறை.

உப்புவெளியிலிருந்து தங்கையைக் கூட்டிவரும் பன்னிரண்டு வயதுப் பிள்ளை திமிங்கிலப் புத்தகத்தை எடுத்தாள். எல்லார் முன்னும் அவளை வாசிக்கச் சொன்னார். மூன்றாம் வரியில் ஐந்து விரலும் மடங்கிவிட்டன.

"இது உமக்கு ஏலாது பிள்ளை. தங்கச்சி என்ன வாசிக்கிறா?"

"வாத்துக் கதை, சேர்."

"அவ முடிச்சாப்பிறகு அதை வாங்கி வாசியும்."

சின்னப் பிள்ளைகள் சிரித்தார்கள்.

"அப்பா கடலில திமிங்கிலம் கண்டவர், சேர்."

"அப்ப அப்பாவை வாசிக்கச் சொல்லும்."

அவள் புத்தகத்தை மேசையில் வைத்தாள். தங்கையிடமிருந்த வாத்துக் கதையையும் வாங்கி அதன்மேல் வைத்துவிட்டு, தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியேறினாள். அதன்பின் இருவரும் வரவில்லை.

"சரியான புத்தகத்தைத்தானே சொன்னனான். ஏன் போறா?" என்று அவர்கள் வெளியேறிய உடனேயே அவர் என்னிடம் கேட்டார். அது கேலியில்லை. உண்மையிலேயே அவருக்கு விளங்கவில்லை. பதிலுக்காக என்னையே பார்த்துக்கொண்டு, அடுத்த பிள்ளைக்காக விரல்களை ஒவ்வொன்றாக விரித்துக்கொண்டிருந்தார்.