பர்மிஷன் கேட்ட சாஃப்ட்வேர்

தொழிற்சாலைக் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்பவன் பெயர், ஏதாவது நின்றுபோனால்தான் மற்றவர்கள் ஞாபகத்துக்கு வரும். இந்தப் பிழைப்பில் இருக்கும் உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

மூக்கண்டப்பள்ளிப் பக்கம் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலை. அங்கிருந்த கம்ப்யூட்டர்களை லினக்ஸுக்கு மாற்றிக் கொடுத்தேன். லினக்ஸில் ஒரு காவல் ஏற்பாடு உண்டு. எந்த சாஃப்ட்வேர் எந்த ஃபைலைத் தொடலாம் என்று விதி இருக்கும். மீறினால் தடுத்துவிட்டு, திரையின் மூலையில் சின்னப் பெட்டி போட்டுச் சொல்லும். முதல் நாளே பெட்டிகள் வரிசையாக வந்தன. எல்லை தாண்டி ஆனேக்கல்லில் இருந்து வந்துபோகும் மேனேஜர் நிதானமாகச் சொன்னார்: "சனிக்கிழமைக்குள்ள இது சரியாகலைன்னா பழசையே போட்டுருங்க. அப்புறம் நீங்களும் வர வேணாம்."

இரண்டு மணி நேரம்

லேபிள் அச்சடிக்கும் முனிரத்னம்மா மத்திகிரிக்காரர். மகளின் பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம் என்று, இரண்டு மணி நேரம் முன்னதாகக் கிளம்ப காலையில் பர்மிஷன் சீட்டு கொடுத்திருந்தார். பதினொரு மணிக்குத் திரையில் 'பர்மிஷன் டினைடு' என்று வந்தது. எழுந்து நேராக மேனேஜரிடம் போய்க் கன்னடத்தில் சண்டை பிடித்தார். சீட்டு இன்னும் மேஜையிலேயே கிடந்தது. மேனேஜர் அதைப் பார்க்கவே இல்லை.

மறுக்கப்பட்டது சாஃப்ட்வேருக்குத்தான், உங்களுக்கு இல்லை என்று நான் விளக்கினேன். முனிரத்னம்மா கேட்டார்: "ஏன், அதுவும் சீக்கிரம் வூட்டுக்குப் போவணும்னு கேட்டுச்சா?"

விளக்கக் கடிதம்

வம்பே வேண்டாம் என்று வாசகத்தைத் தமிழாக்கினேன். 'தடைசெய்யப்பட்ட ஃபைலைத் திறக்க முயற்சி நடந்தது. தடுக்கப்பட்டது.' மறுநாள் ஸ்டோர்ஸ் சீனிவாசன் என் கையில் ஒரு தாளைக் கொடுத்தார். தான் எந்த ஃபைலையும் திறக்க முயலவில்லை என்றும், அந்த நேரத்தில் கேன்டீனில் இருந்ததாகவும் எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார். இது மெமோ இல்லை என்று எவ்வளவோ சொன்னேன். அவர் நகரவில்லை. "அதெல்லாம் இருக்கட்டும் சார். ஒரு காப்பியில சீல் போட்டுக் குடுங்க, நாளைக்கு என்கொயரி வச்சாங்கன்னா காட்டணும்."

சத்தம் அடங்கியது

வெள்ளிக்கிழமை மேனேஜர் பொறுமை இழந்தார். "பெட்டி இனிமே கண்ணுல படக் கூடாது." காவலை அப்படியே விட்டுவிட்டு அறிவிப்பை மட்டும் நிறுத்தினேன். சனிக்கிழமை மத்தியானம் வரை திரையெல்லாம் துடைத்து வைத்த மாதிரி இருந்தது. மேனேஜர் எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார்.

மூன்று மணிக்கு லேபிள் வரவில்லை. வாசலில் லாரி சரக்குக்காக நின்றது. லேபிள் ஒட்டாமல் ஒரு அட்டைப்பெட்டிகூட வெளியே போகாது. பிரின்டரைத் தட்டினார்கள், வயரைப் பிடுங்கிச் செருகினார்கள். திரை வாய் திறக்கவில்லை. காவல் தானாக எழுதிவைக்கும் பதிவேட்டைக் கம்ப்யூட்டரில் திறந்து பார்த்தேன். அன்று மத்தியானம் புதுப்பித்த லேபிள் சாஃப்ட்வேர், புதிதாக ஒரு இடத்தில் எழுதப் பார்த்திருக்கிறது. காவல் அதை நாற்பது தடவை தடுத்திருக்கிறது. விதியில் ஒரு வரி சேர்த்ததும் லேபிள் வந்தது.

"இதை ஏன் அது முன்னாடியே சொல்லலை?" என்றார் மேனேஜர்.

"நீங்கதான் சார் சொல்ல வேணாம்னீங்க."

அவர் அறிவிப்புப் பெட்டியைத் திரும்பப் போடச் சொன்னார். திங்கட்கிழமை பெயின்ட் பிரிவையும் பார்த்துவிடச் சொன்னார். முதல் லேபிளைக் கிழித்து எடுத்த முனிரத்னம்மா, யாரையும் பார்க்காமல் சொன்னார்: "முன்னாடி இல்லைன்னா இல்லைன்னு மூஞ்சிக்கு நேரா சொல்லுச்சு. நீங்க வாயை அடைச்சதும் நம்ம எச்.ஆர். மாதிரி ஆயிடுச்சு."

இத்தனை வருஷத்தில், மறுத்த கையோடு காரணத்தையும் எழுதிக் கொடுத்த அதிகாரி என்று நான் பார்த்தது அந்தச் சின்னப் பெட்டி ஒன்றைத்தான்.